இடப்பக்கம் ஆகாத வண்டி

பல்லக்காவின் மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஆகாது. வலப்பக்கம் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பும். இடப்பக்கம் கைப்பிடியைத் திருப்பினால் மட்டும், பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டதுபோல எஞ்சின் நின்றுவிடும். சாவியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டு, பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். கைப்பிடிக்கு நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டிருக்கும், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற பாவனையில்.

இதை அவள் நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேரும் சிரித்தார்கள்.

பல்லக்கா என்பது ஊர் வைத்த பெயர். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட்டு செய்துகொடுக்கும் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். அரிசி மணி அளவு மெழுகைச் சுரண்டி, ஒரு கிழவருடைய சிரிப்பை அவருக்கே திருப்பிக் கொடுக்கிற வேலை. நாற்பத்தாறு வயதில் திடீரென்று மோட்டார் சைக்கிள் வாங்கினாள். ஸ்கூட்டர் போதாதா என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"இத்தனை வருஷமா அடுத்தவங்க கடிக்கறதுக்குச் செஞ்சு குடுத்தாச்சு. எனக்குன்னு ஒண்ணு உறுமட்டுமே."

வண்டி பழையதுதான், ஆனால் இருக்கை தாழ்வானது. அவளுடைய உயரத்துக்குக் கால் எட்டுகிற ஒரே மோட்டார் சைக்கிள் அந்த ஊரில் அதுதான் போலிருந்தது. ஆகவே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கும் அதையேதான் கொண்டுபோனாள். தேர்வு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மைதானத்தில் வரைந்த எட்டின் மேலே, காலை ஊன்றாமல் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டுக்கு இரண்டு வயிறு. வலது வயிற்றை அழகாகச் சுற்றினாள். இடது வயிற்றில் பாதி போனதும் எஞ்சின் அணைந்தது. வண்டி சாய்ந்தது, கால் ஊன்றியது. ஆய்வாளர் தலையைத் தூக்காமலே எழுதினார்: "கிளட்ச் பழக்கம் போதாது." அடுத்த மாதமும் போனாள். அதே வயிறு, அதே இடம், அதே எழுத்து.

"வண்டி இடது பக்கம் திரும்ப மாட்டேங்குதுங்க" என்று வீட்டில் சொன்னாள்.

அவளுடைய கணவர் புத்தகம் பைண்டு பண்ணுபவர். சாதுவான மனிதர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டுச் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவைச் சுற்றிவந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஜோராகத் திருப்பிக் காட்டிவிட்டு, "எனக்குத் திரும்புதே" என்று வேறு சொன்னார். அன்று இரவு அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

மெக்கானிக்கிடம் போனாள். அவனை எல்லோரும் ஸ்கேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு சின்னத் திரை வைத்த கருவியை ஒயரில் செருகி, அது சொல்வதை வாசிப்பான். கருவி சொல்லாததை நம்ப மாட்டான். அது, "சாய்வு சென்சார்" என்று சொன்னது.

"வண்டி கீழ விழுந்தா எஞ்சினை அணைக்கறதுக்குன்னு தீப்பெட்டி சைசுல ஒரு டப்பா இருக்குக்கா. அது கெட்டுப்போய், விழாதப்பவே விழுந்துட்டோம்னு சொல்லுது" என்றான் ஸ்கேனர். புது டப்பா மாட்டினான். வண்டியை மேடையில் ஏற்றிச் சோதித்தான். ஒரு குறையுமில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், முதல் இடது திருப்பத்திலேயே வண்டி நின்றது. திரும்பவும் கொண்டுபோனாள். மேடையில் அது சமர்த்தாக ஓடியது. டாக்டரைக் கண்டதும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுவதுபோல.

"வண்டி நல்லாத்தான் இருக்குக்கா" என்றான் ஸ்கேனர். மீதியை மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டான்.

மூன்றாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. பைண்டருக்கு அவசரமாக முடித்துத் தர வேண்டிய நாற்பது பதிவேடுகள் இருந்தன. அவருக்குப் பதிலாக அவருடைய தங்கை துணைக்கு வந்தாள். தபால்காரி, உரிமம் உள்ளவள். காலையிலிருந்து மாலைவரை ஒரு வாசலில் நிற்காமல் பறந்துகொண்டிருப்பதால் சிட்டு என்று பெயர்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. கல்யாணமான முதல் மாதத்தில், "என்ன, எங்கண்ணன் இளைச்சுட்டான்?" என்று சிட்டு கேட்ட ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான். அதன்பின் இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாண்டு வந்தார்கள். வாங்க, சாப்டீங்களா, போய்ட்டு வரேன்.

"ஒன்பதுக்கே கிளம்பிடலாம் அண்ணி. வழியில ஸ்கேனர் கடையில ஒருதடவை காட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் சிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்து. அவளுக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

தெருமுனையில் இடது திரும்ப வேண்டும். பல்லக்கா வேகத்தைக் குறைத்தாள், கைப்பிடியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

சிட்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு, "கிளட்சை விடலையே நீங்க" என்றாள். "நான் உங்க கையையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க ஒண்ணுமே பண்ணலை."

"ஒண்ணுமே பண்ணலைன்னுதான் நாலு மாசமாச் சொல்றேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

இன்னொரு தடவை செய்தாள். நின்றது. வலது பக்கம் திருப்பினாள். சந்தோஷமாக ஓடியது. இடது. நின்றது. தெருமுனையிலேயே ஐந்து முறை செய்து பார்த்தார்கள். ஐந்து முறையும் வண்டி சொன்ன சொல் தவறவில்லை.

"அண்ணி, நீங்க சொன்னது நிஜம்" என்றாள் சிட்டு.

பல்லக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வண்டி பழுது என்று உறுதியானதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று கேட்டால், நாலு மாதம் நாலு பேர் சிரித்திருந்தால் படுவாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அது தோள் வழியாகக் குலுங்கி வெளியே வந்தது.

"இப்ப கடைக்கு எப்படிப் போறது? இறங்கித் தள்ளலாமா?" என்றாள் சிட்டு.

"தள்ளிட்டுப் போறதுக்கு எனக்கு எதுக்கு மோட்டார் சைக்கிள்?"

சிட்டு யோசித்தாள். பதினாலு வருஷம் தபால் போட்டவள். ஊரே அவள் தலைக்குள் மடித்துவைத்த காகிதம். அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மூணு வலது சேர்ந்தா ஒரு இடது அண்ணி. நேராப் போங்க. நான் சொல்ற இடத்துல வலது, வலது, வலது."

அப்படித்தான் கிளம்பினார்கள். முதல் வலது, இரண்டாவது வலது. மூன்றாவது வலதில் ஒரு சலூன். முடிவெட்டுபவர் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றிருந்தார். அதைத் தாண்டினால் கடைக்குப் போகிற சந்து. குழாய் பதிப்பதற்காக அந்தச் சந்து தோண்டிக் கிடந்தது.

"பரவாயில்லை. அடுத்த வழி" என்றாள் சிட்டு. "வலது."

நாலு வலது சேர்ந்தால் கிளம்பிய இடம். மறுபடி சலூன். இந்தமுறை முடிவெட்டுபவர் தலையை லேசாக ஆட்டினார். ஏற்கெனவே ஒருமுறை பார்த்த முகத்துக்கு அதுதானே மரியாதை. சிட்டு சொன்ன அடுத்த வழி ஒருவழிப் பாதை, அதுவும் எதிர்ப்பக்கம். மூன்றாவது முறை சலூனைக் கடந்தபோது, முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். முடிவெட்டுபவர் துண்டை வீசி, ஓட்டப் பந்தயக்காரர்களை உற்சாகப்படுத்துவதுபோல இவர்களை உற்சாகப்படுத்தினார்.

"தலை சுத்துது அண்ணி."

"எனக்கும்."

"ஓட்டறவங்களுக்குச் சுத்தக் கூடாது."

பல்லக்கா வெடித்துச் சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள்ளே சிரித்தால் சத்தம் தன் காதுக்கே திரும்பி வரும். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது. பின்னால் சிட்டு அவள் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். வண்டி தள்ளாடியது. வலப்பக்கமாகத்தான் தள்ளாடியது, அதனால் அணையவில்லை. சிரிப்போடு சிரிப்பாக, இருபத்திரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததும் வெளியே வந்துவிட்டது.

"உங்கண்ணன் இளைச்சுட்டார்னு கேட்டியே சிட்டு, நான் வந்த புதுசுல."

"நானா?"

"நீதான். அடுக்களை வாசல்ல நின்னு."

"ஐயோ அண்ணி. அவன் அப்ப மீசையை எடுத்துட்டு வந்திருந்தான். மூஞ்சி சின்னதாத் தெரிஞ்சுது. வேற என்ன கேக்கறதுன்னு தெரியாமக் கேட்டேன்."

பல்லக்காவுக்கு அந்த மீசை ஞாபகம் வந்தது. ஒரு மீசைக்காக இருபத்திரண்டு வருஷம். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தீர்மானிப்பதற்குள் சிட்டு, "வலது, வலது, விட்றாதீங்க" என்று தோளைத் தட்டினாள். பதினோரு வலது திருப்பங்களில் ஸ்கேனர் கடை வந்துசேர்ந்தது. நேராகப் போனால் ஐந்து நிமிஷம். இவர்களுக்கு முப்பத்தைந்து நிமிஷம்.

ஸ்கேனர் வழக்கம்போல வண்டியை மேடையில் ஏற்றினான். முன் சக்கரத்தை இரும்புக் கவ்விக்குள் செருகி இறுக்கினான். ஒயரைச் செருகினான். திரையைப் பார்த்தான்.

"சாய்வு சென்சார்" என்றான் துக்கமாக. "புதுசும் போச்சு போலிருக்குக்கா. இன்னொண்ணு வரவழைக்க நாலு நாளாகும்."

"எனக்குப் பதினோரு மணிக்குத் தேர்வு."

எஞ்சினை ஓடவிட்டான். பத்து நிமிஷம் பூனைபோல முனகிக்கொண்டு ஓடியது. கீழே இறக்கிச் சாலையில் ஓட்டிப்போனான். தெருமுனையில் வேகமாக இடப்பக்கம் சாய்ந்து திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றான். எஞ்சின் அணையவேயில்லை.

"பாத்தீங்களா?" என்றான். இந்த முறை மீதியைச் சொல்லிவிடுவான் போலிருந்தது.

சிட்டு சண்டைக்குத் தயாரானாள். தபால்காரிகளுக்கு நாயோடும் மனிதரோடும் சண்டை போட்டுப் பழக்கம். ஆனால் பல்லக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் அந்த இரும்புக் கவ்வியின் மேல் இருந்தது.

பட்டறைக்கு ஒருவர் வருவார். பல்செட்டு ஆடுகிறது என்பார். கடிக்கச் சொன்னால் கச்சிதமாகக் கடிக்கும். வாயை மூடச் சொன்னால் ஒரு மயிரிழை இடைவெளி இருக்காது. நல்லாத்தானே இருக்கு என்று அனுப்பினால் மறுநாள் திரும்பி வருவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஏமாறுவார்கள். வாயை மூடி வைத்திருந்தால் எந்தப் பல்செட்டும் நல்ல பல்செட்டுதான். பல் இடிக்கிற இடத்தில் மை ஒட்டுகிற நீலத் தாளைக் கடிக்கக் கொடுத்து, தாடையை மெதுவாக இடப்பக்கம் அசையுங்கள், வலப்பக்கம் அசையுங்கள் என்று சொல்ல வேண்டும். எங்கே இடிக்கிறது என்பது அசையும்போதுதான் தெரியும்.

"தம்பி, நீ சோதிக்கறப்ப எல்லாம் முன் சக்கரத்தைக் கவ்வியில நேராப் பிடிச்சு வச்சுட்டுத்தான் சோதிக்கிறியா?"

"ஆமாக்கா. இல்லைன்னா வண்டி ஆடுமே."

"கவ்வி வேண்டாம். ஓடவிடு. கைப்பிடியைத் தொடாத. வண்டியை அப்படியே இடது பக்கம் சாய்ப்போம்."

மூவரும் பிடித்துக்கொண்டார்கள். சிட்டு கால் பக்கம், ஸ்கேனர் இருக்கைப் பக்கம், பல்லக்கா கைப்பிடியை நேராக வைத்துக்கொண்டு. மெல்லச் சாய்த்தார்கள். வண்டி கனத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாதிக்கு மேலேயே சாய்த்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சென்சார் நல்லா இருக்கு" என்றாள் பல்லக்கா, மூச்சு வாங்க. "இப்ப நிமிர்த்து. நேரா நிறுத்து. நிறுத்திட்டு நீயே கைப்பிடியை மட்டும் இடது பக்கம் திருப்பு. முழுசா."

ஸ்கேனர் திருப்பினான். எஞ்சின் நின்றது.

அவன் வலப்பக்கம் திருப்பி, சாவியை அணைத்துப் போட்டு, மறுபடி ஓடவிட்டு, மறுபடி இடப்பக்கம் திருப்பினான். நின்றது. அவன் முகத்தில் நாலு மாதத்து மரியாதை ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தது.

"சாயறதுல இல்லை. திரும்பறதுல இருக்கு" என்றான் மெதுவாக. "நான் வேகமாப் போறேன், அதனால சாஞ்சே திரும்பிடறேன். கைப்பிடியை அவ்வளவு திருப்பறதே இல்லை. நீங்க மெதுவாப் போறீங்க, முழுசாத் திருப்பறீங்க. ஒயர் எங்கேயோ இழுபடுதுக்கா. ஒயர் விட்டுப்போனா, விழுந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டு அணைச்சுடுது."

"உங்கண்ணனும் வேகமாத்தான் போவார்" என்றாள் பல்லக்கா, சிட்டுவைப் பார்த்து. சிட்டு தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக இன்னும் பதினோரு வலது திரும்பலாம் போலிருந்தது.

சென்சார் வண்டியின் முன்விளக்குக்குப் பின்னால் இருந்தது. அதன் ஒயர் அங்கிருந்து வண்டியின் கழுத்தைச் சுற்றிப் பின்பக்கம் போயிற்று. கழுத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று பார்க்கக் கண் போகவில்லை. விரலும் போகவில்லை. ஸ்கேனர் டார்ச்சை அடித்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். "பெட்ரோல் டேங்கைக் கழட்டினாத்தான் தெரியும். ஒன்றரை மணி நேரம்."

மணி பத்து ஐந்து.

பல்லக்கா தோள்பையைத் திறந்தாள். தேர்வு முடிந்து நேரே பட்டறைக்குப் போக வேண்டியிருந்ததால் வேலைச் சாமான் உறை கூடவே இருந்தது. அதிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடியை எடுத்தாள். நீளமான காம்பு, நுனியில் கட்டைவிரல் நகம் அளவு கண்ணாடி. வண்டியின் கழுத்துக்குப் பின்னால் அதை நுழைத்து, "டார்ச்சை இங்க பிடி. ஆட்டாத" என்றாள். பிறகு பழக்கதோஷத்தில், "ஆ காட்டுங்க" என்றும் சொல்லிவிட்டாள். ஸ்கேனர் தன்னை அறியாமல் வாயைத் திறந்தான்.

கண்ணாடிக்குள் ஒரு சாக்கெட் தெரிந்தது. அதில் ஒயர் நுனியின் பித்தளை முள் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது, ஆடுகிற பல்லைப்போல. அதற்கு இரண்டு விரல் தள்ளி, சென்சார் ஒயரையும் ஹாரன் ஒயரையும் கிளட்ச் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்து யாரோ கட்டியிருந்தார்கள். கைப்பிடியோடு கூடவே போகிற கேபிள் அது. இடப்பக்கம் திருப்பினால் அது சென்சார் ஒயரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கட்டு அவ்வளவு நேர்த்தி. மெழுகு தடவிய நூல். நாலு சுற்று, நடுவில் ஒரு குறுக்கு, நுனி உள்ளே மடித்து, ஒரு பிசிறு இல்லை.

பல்லக்கா கண்ணாடியை வெளியே எடுத்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"நீயே பாரு."

சிட்டு பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த முடிச்சு, சிறுவயதில் அண்ணன் தைத்துக் கொடுத்த பள்ளி நோட்டுகளில் எல்லாம் இருந்த முடிச்சு. அவள் அப்படியே தரையில், கிரீஸ் கறையின் மேலேயே, உட்கார்ந்துவிட்டாள்.

நாலரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரிக்காரர்களுக்குக் கேட்கட்டும் என்று பைண்டர் மனைவியின் வண்டிக்குப் பெரிய ஹாரன் வாங்கி மாட்டினார். மாட்டியபோது உள்ளே தொங்கிய ஒயர்களையும் சும்மா விடவில்லை. அவர் கண்ணில் எது தொங்கினாலும் கட்டிவிடுவார். திரைச்சீலையைக் கட்டுவார், வெங்காயப் பையைக் கட்டுவார். அன்று கட்டிய கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் இழுத்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த முள்ளைப் பிடுங்கியிருக்கிறது.

"கூடம் கோணல்னு சொன்னேன்ல" என்றாள் பல்லக்கா. "கோணலாக்கினவரே அவர்தான்."

மூவரும் சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மெழுகு சுரண்டுகிற சின்னக் கத்தியைக் கண்ணாடியின் துணையோடு உள்ளே விட்டு, அவளே நூலை அறுத்தாள். இடுக்கியால் முள்ளைப் பிடித்துச் சாக்கெட்டுக்குள் அழுத்தினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. நல்ல பல் உட்காரும்போதும் அதே சத்தம்தான் வரும். ஸ்கேனர் ஒயருக்குத் தாராளமாக இடம் விட்டு, கேபிளிலிருந்து தள்ளி வைத்தான். பல்லக்கா எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாள். முழுவதும் திருப்பினாள். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடியது. மஞ்சள் விளக்கைக் காணவில்லை.

"அந்தப் பழைய சென்சாரும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றான் ஸ்கேனர். "மன்னிச்சுக்கோங்கக்கா." பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் கண்ணாடி எங்க கிடைக்கும்?" என்றான்.

கடை வாசலில் சின்ன மைதானம் மாதிரி ஓர் இடம். அதில் பல்லக்கா இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டாள். இரண்டு வட்டம் போட்டாள். நாலு மாதப் பாக்கி அல்லவா, ஏழு வட்டம் போட்டாள். சிட்டு நடுவில் நின்றுகொண்டு, அவள் சுற்றுகிற திசையிலேயே தானும் சுற்றினாள். மணி பத்தரை.

தேர்வு மைதானத்தில் பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். ஆய்வாளர் மேஜைக்குப் பின்னால் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் உதட்டைத் திறக்காமல் பேசுவார். பல்லக்காவின் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மூணாவதா?"

"ஆமா சார்."

"காலை ஊனக் கூடாது."

"தெரியும் சார்."

முதல் கியர். வலது வயிற்றில் அலுங்காமல் போனாள். நடுவில், எட்டின் இடுப்பு வந்தது. முள் மறுபடி கழன்றிருந்தால்? கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாள். வண்டி தண்ணீரில் ஓடம் திரும்புவதுபோலத் திரும்பியது. இரண்டு முறை கால் ஊன்றிய அந்த இடம் வந்தது. கடந்தும் போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டாவது எட்டுப் போட்டாள். மூன்றாவது எட்டில் ஒரு கையை விட்டுவிட்டு சிட்டுவுக்கு ஆட்டலாமா என்றுகூட நினைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஆய்வாளர் எழுந்து நின்று விசில் ஊதினார்.

"ஒரு எட்டு போதும்மா" என்றார், அவள் வந்து நின்றதும். தாளில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். எல்லாம் முடிந்தபிறகு, தாளில் தொழில் என்ற இடத்தில் அவர் கண் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பல்செட்டு செய்யறீங்களா?"

"ஆமா சார். உங்களுக்குக் கீழ் செட்டு ஆடுதுதானே. பேசறப்ப நாக்கால அழுத்திப் பிடிச்சுக்கிறீங்க."

ஆய்வாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மூணு மாசமா. டாக்டர்கிட்ட காட்டினா நல்லாத்தான் இருக்குங்கறார்."

"மூடிக்கிட்டுக் காட்டியிருப்பீங்க. தாடையை அசைச்சுக் காட்டுங்க சார். அரை மணி நேர வேலை."

அவர் முதல்முறையாகச் சிரித்தார், கையை எடுக்காமலே.

மைதானத்துக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பைண்டர். பதிவேடுகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது சட்டைக் கையில் ஒட்டியிருந்த பசையிலேயே தெரிந்தது. மனைவியின் முகத்தைப் படிக்க முயன்றுகொண்டே வந்தார்.

"என்னம்மா, ஊனிட்டியா? பரவாயில்லை. நாலாவது தடவை..."

பல்லக்கா காலையிலிருந்து அவருக்காக ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். கூடம், கோணல், ஆட்டம் எல்லாம் அதில் இருந்தது. பேசாமல், கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த நூலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இது என் முடிச்சாச்சே."

"ஆமா."

"யார் இதை அறுத்தா? நல்லாத்தானே இருக்கு. எங்க இருந்துச்சு?"

"என் வண்டிக் கழுத்துல."

சிட்டு சொல்லி முடித்தாள். வலது திருப்பங்கள், சலூன், சாய்த்தது, கண்ணாடி, முள், எல்லாம். பைண்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய காதிலிருந்து கழுத்துவரை மெல்லச் சிவந்தது.

"தொங்கிட்டு இருந்துச்சும்மா" என்றார் கடைசியில். "பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. நீ ரோட்டுல போறப்ப அது கழண்டு எதுலயாவது மாட்டிக்கிச்சுன்னா..." நிறுத்தினார். "அப்ப ரெண்டு தடவை நீ தோத்தது என்னாலயா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் பல்லக்காவுக்குத் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அவர் கையில் இருந்த ஸ்கூட்டர் சாவியை வாங்கி சிட்டுவிடம் கொடுத்தாள்.

"இதை நீ ஓட்டிட்டு வா. நீங்க ஏறுங்க."

"நானா? பின்னாலயா?"

இருபத்திரண்டு வருஷமாக முன்னால் உட்கார்ந்தே பழகியவர். ஏறி உட்கார்ந்தபிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் தன் முழங்கால்மேல் வைத்தார். வண்டி கிளம்பியதும் அவசரமாக அவள் தோளைப் பிடித்தார். முதல் திருப்பத்தில் இடுப்புக்கு மாறினார். மெதுவா, மெதுவா என்று காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார். பிரதான சாலை வந்தது. காலை நெரிசல் ஓய்ந்து, சாலை துடைத்துவைத்ததுபோலக் கிடந்தது. அவள் கியரை ஒவ்வொன்றாக மாற்றினாள். வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமியது. காற்றில் அவருடைய சட்டை படபடத்தது. காதருகில் கேட்ட மெதுவா நின்றுபோயிருந்தது.

"இது எத்தனாவது கியரும்மா?" என்றார் பிறகு.

"நாலு."

"அஞ்சு இருக்குல்ல?" என்றார் பைண்டர்.